மூட்டையைத் தூக்கிவிட்ட கை எங்கே?
(போட்டிக்குப் படம் அனுப்ப வணிகர்களுக்குச் சில யோசனைகள்)



மளிகை வியாபாரிக்கும் புகைப்படப் போட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் கேட்கக்கூடும். நம் மகனும் அப்படித்தான் கேட்டான். நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்து மணிலாவும் உளுந்தும் பருப்பும் மொத்தமாக வாங்கி விற்றவர், அறுபதைத் தாண்டிய பிறகு செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கப் புறப்பட்டால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் இந்த நான்கைந்து வருடப் பழக்கத்தில் நாம் கற்றுக்கொண்டது படம் எடுக்கும் வித்தையை மட்டும் அல்ல. நம் தொழிலிலேயே நாம் கவனிக்காமல் விட்ட ஒன்றை ஒரு படம் நமக்குக் காட்டிக் கொடுத்தது. அதை மறைக்காமல் எழுதுகிறோம். போட்டிக்குப் படம் தயார் செய்யும் முறையையும் கூடவே சொல்லுகிறோம். ஆர்வமுள்ள வணிகர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

பன்னிரண்டு படமும் பன்னிரண்டாயிரம் படமும்

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் உறவினர் ஒருவரிடம் அக்பா கிளிக் 3 கேமரா இருந்தது. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படம். ஒன்று கெட்டால் பன்னிரண்டில் ஒன்று போயிற்று. ஆகவே பத்து முறை பார்த்துத்தான் ஒரு முறை அமுக்குவார். இன்று செல்போனில் செலவே இல்லை. ஒரு தைப்பூசத்துக்கு நாமே ஆயிரம் படம் எடுத்து விடுகிறோம். இதில்தான் சிக்கலும் தொடங்குகிறது. கிடங்கில் தரம் பிரிக்காத சரக்கு குவிந்து கிடப்பதைப் போல, போனில் படங்கள் குவிந்து கிடக்கின்றன. எதை வெளியே எடுத்துக் காட்டுவது என்று தெரிவதில்லை.

நம் வடலூரில் படம் எடுப்பதற்கு விஷயங்களுக்குக் குறைவில்லை. 1872இல் எழுந்த சத்திய ஞான சபை, 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் தருமச்சாலை, தைப்பூசக் கூட்டம், பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்தின் ராட்சத இயந்திரங்கள், பண்ருட்டிப் பலாவும் முந்திரியும், குறிஞ்சிப்பாடித் தறி என்று சுற்றிலும் இருக்கின்றன. வள்ளல் பெருமானைச் சென்னையிலிருந்து வந்த ஒருவர் பலமுறை படம் எடுத்தும், உடுத்திய வெள்ளாடை மட்டுமே விழுந்தது, திருமேனி விழவில்லை என்று இவ்வூர்ப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நம் கடைகளில் மாட்டியிருக்கும் பெருமானின் படம் கையால் வரைந்த படமே. கேமராவில் விழுவது எது, விழாதது எது என்ற பேச்சு இவ்வூருக்குப் புதிதல்ல.

புகைப்படக் கழகங்களும் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 1850களிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று நகரங்களிலும் புகைப்படச் சங்கங்கள் ஏற்பட்டுவிட்டன. 1953இல் அகில இந்திய அளவில் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு தொடங்கியது. தஞ்சையில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள், கானுயிர்ப் படங்களால் உலக அரங்குகளில் பெயர் பெற்றவர். அவர் காலத்தில் காகிதத்தில் அச்சிட்ட படத்தைத் தபாலில் அனுப்பினார்கள். இன்று உட்கார்ந்த இடத்திலிருந்து கம்ப்யூட்டர் வழியாக அனுப்பி விடலாம். சுலபமாகி விட்டது என்பதாலேயே தவறுகளும் அதிகமாகி விட்டன. முதல் தவறு நம்முடையதுதான்.

வழியில் சிந்திய சரக்கு

நாம் முதன்முதலில் அனுப்பியது ஒரு தைப்பூசப் படம். விடியற்காலைப் பனியில் கூட்டம் கைகூப்பி நிற்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். போட்டியில் முதல் சுற்றிலேயே தள்ளி விட்டார்கள். காரணம் கேட்டு எழுதினோம். படத்தில் முகங்கள் கரைந்திருக்கின்றன, பெரிதாக்கிய படம் போல் இருக்கிறது என்று பதில் வந்தது.

விசாரித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. நம் போனிலிருந்து பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அவன் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, போட்டி அளவுக்குப் பெரிதாக்கி அனுப்பி விட்டான். போனில் 4000 பிக்சல் அகலமாக இருந்த படம், வாட்ஸ்அப் வழியே போனபோது 1600 பிக்சலாகச் சுருங்கிவிட்டது. பிக்சல் என்பது படத்தின் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மரக்காலில் அரிசிமணி இருப்பது போல, படத்தில் பிக்சல்கள் இருக்கின்றன. சிந்திப் போன மணியைத் திரும்பச் சேர்க்க முடியாது. பெரிதாக்குவது பாலில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். அளவு கூடும், சத்து கூடாது.

அதன் பிறகு நெய்வேலியிலும் கடலூரிலும் இந்தத் துறையில் பழகிய அன்பர்கள் சிலரிடம் பாடம் கேட்டோம். அவர்கள் சொன்னதையும் நாம் பட்டுத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாகத் தருகிறோம்.

படம் தயார் செய்யும் முறை

1. மூலத்தைத் தொடாதீர்கள். கேமராவில் விழுந்த படத்தை அப்படியே ஒரு தனி இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அது நம் அசல் பில் மாதிரி. திருத்தம் எல்லாம் நகலில்தான். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காமல், வெளியே ஒரு டிஸ்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

2. சிந்தாமல் மாற்றுங்கள். போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் மூலம் மாற்றுவதே உத்தமம். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சரக்கு குறையாமல் போய்ச் சேரும்.

3. தரம் பிரியுங்கள். நூறு படத்தில் பத்து எடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பத்தில் இரண்டு எடுங்கள். எடுத்த அன்றே தேர்ந்தெடுத்தால், அன்று பட்ட கஷ்டமும் வெயிலும் சேர்ந்து படத்தை உயர்த்திக் காட்டும். நடுவருக்கு நம் கஷ்டம் தெரியாது. அவர் கண் முன்னால் ஓடும் படத்தை மட்டும் பார்ப்பார்.

4. கோணலை நேராக்குங்கள். ஏரிக்கரை, கடல், கட்டடச் சுவர் இவை சாய்ந்திருந்தால், தராசு முள் சாய்ந்தது போலப் பார்க்கிறவர் கண்ணை உறுத்தும். பிறகு வேண்டாத ஓரத்தை வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன்னால் நான்கு மூலைகளையும் ஒரு சுற்று பார்த்து விடுங்கள். ஓரத்தில் இருப்பது குப்பையா, கதையின் ஒரு பகுதியா என்று யோசியுங்கள். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்லுகிறோம்.

5. வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள். போன் திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைத்துக்கொண்டு திருத்தினால் ஏமாந்து போவோம். நமக்குப் பளிச்சென்று தெரிவது, கழகத்தில் திரையில் காட்டும்போது இருட்டாக இருக்கும். பெரும்பாலான சாப்ட்வேர்களில் ஹிஸ்டோகிராம் என்று ஒரு வரைபடம் இருக்கிறது. இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். வலது விளிம்பில் மலை போல் மோதி நின்றால், வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் போய்ச் சுண்ணாம்பாகி விட்டது என்று பொருள். திரை ஏமாற்றினாலும் இந்த வரைபடம் ஏமாற்றாது.

6. நிறத்தை அளவோடு வையுங்கள். மிளகாய் வற்றலுக்குச் சாயம் ஏற்றியது போல நிறத்தைக் கூட்டாதீர்கள். பழகிய நடுவர் ஒரு நொடியில் கண்டுபிடித்து விடுவார். கோப்பைச் சேமிக்கும்போது நிற வகை எஸ்ஆர்ஜிபி என்று இருக்கட்டும். வேறு வகையில் வைத்தால், சில திரைகளில் நிறம் வெளுத்துப் போய்த் தெரியும்.

7. அளவைக் கணக்குப் போடுங்கள். போட்டி விதியில் அகலம் 1920, உயரம் 1080 பிக்சலுக்கு மிகக்கூடாது என்பது போல இருக்கும். கழகத்துக்குக் கழகம் இது மாறும். விதியைப் படித்தே செய்ய வேண்டும். 4000க்கு 3000 உள்ள போன் படத்தை இந்த அளவுக்குள் கொண்டுவந்தால் 1440க்கு 1080 ஆகும். அதே போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 810க்கு 1080 ஆகும். 1920 சொன்னார்களே என்று இழுத்து நிரப்பினால் மனிதர் குண்டாகி விடுவார். திரையில் காட்டும் படத்துக்குப் பிக்சல் கணக்கு மட்டும் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கு அச்சுக்கு உரியது. அதன்படி 4000க்கு 3000 படம் 13க்கு 10 அங்குலம் வரை தெளிவாக அச்சாகும்.

8. கடைசியில் கூர்மை. சிறிதாக்கிய படம் கொஞ்சம் மங்கும். சிறிதாக்கிய பிறகே கூர்மையைக் கொஞ்சம் கூட்டுங்கள். முன்பே கூட்டினால் ஓரங்களில் வெள்ளைக்கோடு விழும்.

9. ஒரே முறை சேமியுங்கள். ஜேபெக் என்ற வகைக் கோப்பைத் திருத்தித் திருத்தித் திரும்பச் சேமிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரம் குறையும். சாக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் சேதாரம் விழுவது போல. எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு ஒரே முறை, உயர்ந்த தரத்தில், விதியில் சொன்ன கோப்பு அளவுக்குள் சேமியுங்கள்.

10. பெயர் போடாதீர்கள். போட்டிப் படத்தின் மேல் நம் பெயரோ கடைப் பெயரோ முத்திரையோ இருக்கக்கூடாது. எடுத்தவர் யார் என்று தெரியாமல் மார்க் போடுவதுதான் முறை. பெயரும் தலைப்பும் விண்ணப்பத்தில் போனால் போதும்.

இதற்கெல்லாம் பணம் கொடுத்துச் சாப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் கிம்ப், போனில் ஸ்னாப்சீட் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. நாம் இவற்றையே பயன்படுத்துகிறோம்.

நாம் செய்த கலப்படம்

மேலே சொன்ன பத்தும் கைவந்த பிறகு ஒரு படம் எடுத்தோம். நம் கிடங்கில் மணிலா இறங்கிக் கொண்டிருந்த நேரம். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு வழியாக வெயில் கம்பம் போல இறங்குகிறது. தூசி அதில் மின்னுகிறது. நம்மிடம் பதினைந்து வருடமாக மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் 80 கிலோ மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு அந்த வெளிச்சத்துக்குள் அடி எடுத்து வைக்கிறார். நெற்றி நரம்பு புடைத்திருக்கிறது. அந்த ஒரு நொடியைப் பிடித்து விட்டோம் என்று நமக்கே பெருமை.

ஒரே ஒரு குறை. இடது ஓரத்தில், மூட்டையின் பின்புறமாக, இன்னொரு கை முழங்கை வரை நீட்டிக்கொண்டிருந்தது. பேரன் பார்த்து, "இது எதுக்குத் தாத்தா, இடைஞ்சலா இருக்கு" என்று போனில் விரலால் ஒரு தேய் தேய்த்தான். கை மாயமாக மறைந்தது. அந்த இடத்தில் சுவரும் தூசியும் போனே வரைந்து நிரப்பி விட்டது. நாம் அசந்து போனோம். படம் இப்போது சுத்தமாகி விட்டது என்று நினைத்தோம். "உழைப்பு" என்று தலைப்பு வைத்து, உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டிய பிரிவில் அனுப்பினோம்.

இறுதிச் சுற்று வரை போயிற்று. அங்கே மூலப் படத்தை அனுப்பச் சொன்னார்கள். சாக்கில் குத்தூசி போட்டு உள்சரக்கு பார்ப்பது போலத்தான் அது. அனுப்பினோம். கையைக் கண்டார்கள். படம் தகுதி நீக்கம் ஆயிற்று.

முதலில் நமக்குக் கோபம்தான் வந்தது. ஓரத்தில் கிடந்த ஒரு கைக்காகவா என்று தோன்றியது. அந்தக் கோபத்தோடு, திருத்திய படத்தைக் கிடங்கில் தொழிலாளர்களிடம் காட்டி ஆறுதல் தேடினோம். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் மட்டும் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மொதலாளி, இந்த மூட்டைய நான்தான தூக்கி வுட்டேன்? என்னையக் காணுமே?"

நமக்குப் பதில் வரவில்லை.

80 கிலோ மூட்டையைத் தன் முதுகில் தானே ஏற்றிக்கொள்ளும் ஆள் கிடையாது. இது நம் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். பின்னால் ஒருவர் தூக்கிவிட்டால்தான் முன்னால் ஒருவர் சுமக்க முடியும். நாற்பது வருடம் தினமும் பார்த்த காட்சி. அந்தக் கையைத்தான் இடைஞ்சல் என்று அழித்திருக்கிறோம். நம் படம் அழகாக இருந்தது, ஆனால் அது பொய். அப்படி ஒரு மூட்டை எந்தக் கிடங்கிலும் எழும்பியது இல்லை.

ஒரு காலும் ஒரு கையும்

வெளியுலகில் இது போல நடந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தோம். 1955இல் தொடங்கிய, ஆம்ஸ்டர்டாம் நகரை இருப்பிடமாகக் கொண்ட உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டி இத்துறையில் மிகப் பெரியது. 2010இல் அந்தப் போட்டியில் உக்ரைன் நாட்டுப் புகைப்படக்காரர் ஸ்தெபான் ரூடிக் என்பவர் விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்றார். பரிசு பெற்ற படத்தொகுப்பில் கைக்குக் கட்டுப் போடும் ஒரு படம். அவர் படத்தை நிறைய வெட்டியிருந்தார், கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார். அதற்கெல்லாம் நடுவர்கள் தடை சொல்லவில்லை. பின்னணியில் தெரிந்த ஒருவரின் காலில் ஒரு சிறு துண்டை அழித்திருந்தார். மூலப் படத்தோடு ஒப்பிட்டபோது அது தெரிந்தது. பரிசு திரும்பப் போயிற்று.

அதே போட்டியில் நம் மாவட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, கடலூரில் ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் அர்கோ தத்தா ஒரு படம் எடுத்தார். ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே விரித்து அழுகிறார். 2004ஆம் ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படம் என்று அந்தப் படம் தேர்வாயிற்று. அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். ஓரத்தில், இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. உடல் தெரியவில்லை. முகம் தெரியவில்லை. அந்தக் கை இருப்பதால்தான் அந்தப் பெண் எதற்காக விழுந்து கிடக்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது. ஓரத்தில் ஏதோ கிடக்கிறதே என்று அதை வெட்டியோ அழித்தோ இருந்தால், ஒரு பெண் மணலில் அழுகிறார் என்பதோடு படம் நின்றிருக்கும்.

நம் கடற்கரையின் துக்கத்தை உலகத்துக்குச் சொன்னது ஓரத்தில் இருந்த ஒரு கை. நம் கிடங்கில் நாம் அழித்ததும் ஓரத்தில் இருந்த ஒரு கை. இதற்கு மேல் நமக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

இன்று நிலைமை இன்னும் ஒரு படி போய்விட்டது. கேமராவே இல்லாமல், எழுதிக் கேட்டால் கம்ப்யூட்டர் படம் செய்து கொடுக்கிறது. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதுப் போட்டியில் ஜெர்மனி நாட்டுக் கலைஞர் போரிஸ் எல்டாக்சென் அப்படிச் செய்த படத்தை அனுப்பிப் பரிசுக்குத் தேர்வானார். போட்டிகள் இதற்குத் தயாராக இருக்கின்றனவா என்று சோதிக்கவே அனுப்பினேன் என்று சொல்லி, பரிசை வேண்டாம் என்று விட்டார். நடுவர் கண்ணுக்கே தெரியவில்லை என்றால், இனி நம்பிக்கைக்கு ஆதாரம் அனுப்புகிறவரின் மனசாட்சியும் மூலப் படமும்தான்.

புடைப்பது வேறு, கலப்பது வேறு

அப்படியானால் எதையும் திருத்தக்கூடாதா என்று கேட்கலாம். திருத்தலாம். நம் தொழில் வழக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. உளுந்தைச் சலிக்கிறோம், புடைக்கிறோம், கல் பொறுக்குகிறோம். யாரும் குறை சொல்லுவதில்லை. ஆனால் மிளகில் பப்பாளி விதையைச் சேர்த்தால் அது கலப்படம். முதலாவது சரக்கை வெளியே கொண்டு வருகிறது. இரண்டாவது இல்லாத சரக்கைக் காட்டுகிறது.

படத்திலும் அப்படியே. வெளிச்சம், நேர், வெட்டு, கேமரா சென்சாரில் ஒட்டிய தூசிப்புள்ளியை நீக்குதல், முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்குதல் இவையெல்லாம் புடைப்பது. இருந்த ஆளை நீக்குவது, இல்லாத பறவையைச் சேர்ப்பது, வேறு நாள் வானத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது இவையெல்லாம் கலப்பது. இயற்கைப் பிரிவிலும் செய்திப் பிரிவிலும் இந்தக் கோடு கண்டிப்பானது. கற்பனைப் பிரிவு என்று தனியாக வைத்திருக்கும் போட்டிகளில் ஒட்டலாம், சேர்க்கலாம். அங்கே எல்லாருக்கும் அது தெரியும். நல்லெண்ணெயையும் கலப்பு எண்ணெயையும் தனித்தனி டின்னில் பெயர் எழுதி விற்பது போல. தவறு கலப்பதில் மட்டும் இல்லை, பெயரை மாற்றி விற்பதில் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. இன்றைய போன்கள் நம்மைக் கேட்காமலே முகத்தை மெழுகுகின்றன. போட்டிக்கு எடுக்கும்போது அழகூட்டும் வசதிகளை நிறுத்தி வைத்து விடுங்கள்.

இணையக் காட்சியகங்களில் வைப்பதானால்

2004இல் பிளிக்கர் வந்தது, 2010இல் இன்ஸ்டாகிராம் வந்தது. இப்போது படத்தை உலகம் முழுவதற்கும் காட்டச் செலவில்லை. சில விஷயங்களை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கு அனுப்பும் கோப்பில் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நடுவர்கள் சரிபார்ப்பார்கள். ஆனால் எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்கும்போது, எடுத்த இடத்தின் குறிப்பை நீக்கி விடுங்கள். வீடும் கிடங்கும் எங்கே இருக்கின்றன என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. முழு அளவுப் படத்தையும் ஏற்ற வேண்டாம். பார்ப்பதற்குப் போதுமான சிறிய அளவு போதும். இங்கே ஓரத்தில் சிறியதாகப் பெயர் போட்டுக்கொள்ளலாம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்தவரே படத்தின் ஆசிரியர். நாம் பணம் கொடுத்து ஸ்டூடியோக்காரரை வைத்து எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை பணம் கொடுத்தவருக்கு. இலவசப் போட்டி என்று விளம்பரம் செய்து, பரிசு பெறாத படங்களையும் எப்போது வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்வோம் என்று விதியில் சிறிய எழுத்தில் போடுகிறவர்களும் உண்டு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாத வியாபாரி, இதிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருப்பவரைக் கேளுங்கள். தொழிலாளியோ கூடைக்காரம்மாவோ, அவர்கள் முகம் அவர்களுடையது. முதலாளி கேட்கிறாரே என்று மறுக்க முடியாமல் சரி சொல்லுகிறவர்களும் இருப்பார்கள். அதையும் நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். பெண்கள், குழந்தைகள் படத்தில் இந்த ஜாக்கிரதை இரண்டு பங்கு வேண்டும்.

கடைக்கும் இதே கணக்குத்தான்

போட்டியில் நாட்டமில்லாத வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று சில்லறைக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத்தான் நம்மிடம் சரக்குக்கு ஆர்டர் சொல்லுகிறார். முன்பு பொட்டலத்தில் மாதிரி கொடுத்தோம். இன்று படமே மாதிரி. ஆகவே பருப்பைச் சன்னலோரம், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாள் மேல் பரப்பி எடுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் பழைய பருப்பும் புதுப் பருப்பாகத் தெரியும். வந்து இறங்கிய பிறகு திரும்பி வரும். போன வருடச் சரக்கின் படத்தை இந்த வருடச் சரக்குக்குப் போடுவதும், நிறத்தைக் கூட்டிப் போடுவதும், நம் கையை அழித்த வேலையைப் போன்றதே. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனையும் உண்டு. சட்டம் இருக்கட்டும், ஒரு முறை ஏமாந்த வாடிக்கையாளர் இரண்டாம் முறை போனை எடுக்க மாட்டார்.

முடிவாக

மூலப் படத்தை மறுபடி எடுத்து, இம்முறை கையை வெட்டாமல், வெளிச்சத்தை மட்டும் சரி செய்து, "இருவர்" என்று தலைப்பு மாற்றி வேறொரு கழகத்துக்கு அனுப்பினோம். இரண்டு பேரையும் கேட்டுத்தான் அனுப்பினோம். பரிசு வரவில்லை. காட்சிக்கு ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். நமக்கு வருத்தம் இல்லை.

அந்தப் படத்தை 13க்கு 10 அங்குலத்தில் அச்சிட்டுக் கிடங்கு வாசலில் மாட்டியிருக்கிறோம். தூக்கிவிட்டவர் தன் பேத்தியை அழைத்து வந்து, ஓரத்தில் இருக்கும் முழங்கையைத் தொட்டு, "இது தாத்தா கை" என்று காட்டினார். மூட்டை சுமந்தவரும் பக்கத்தில் நின்று, "அந்தக் கை இல்லன்னா நான் ஏது?" என்று சிரித்தார்.

சரக்கு அனுப்பும் ஆலைக்காரரும், லாரி டிரைவரும், கணக்கு எழுதுகிறவரும், கடன் சொல்லி வாங்கிக் கடனைத் தீர்க்கிற சில்லறைக் கடைக்காரரும் இல்லாமல் எந்த மொத்த வியாபாரியும் ஒரு நாள் கடை திறந்தது இல்லை. நாற்பது வருடம் வியாபாரம் செய்தும் நமக்கு இது ஒரு படத்தின் ஓரத்திலிருந்துதான் தெரிய வேண்டியிருந்தது. ஆகவே வணிகப் பெருமக்களே, படம் எடுங்கள், போட்டிக்கு அனுப்புங்கள், பிள்ளைகளையும் பழக்குங்கள். அனுப்புவதற்கு முன்னால் நான்கு மூலைகளையும் ஒரு முறை பாருங்கள். அழிக்க விரலை வைப்பதற்கு முன்னால், அது யாருடைய கை என்று கேளுங்கள்.